480 வாய்கள்: முரசு நோயின் வரலாற்றில் ஒரு மலையக அத்தியாயம்

மலையகத் தமிழரின் வரலாற்றை நாம் பலவகை ஆவணங்களிலிருந்து படித்து வந்திருக்கிறோம். கங்காணி முறை, துண்டு முறை, 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் என்று அந்த வரலாற்றுக்கு வழக்கமான சில படிகள் உண்டு. நாட்டார் பாடல்களும் சிறுகதைகளும் நாவல்களும் இன்னொரு பக்கத்தைத் தந்தன. ஆனால் இலக்கிய வட்டத்தைச் சேர்ந்த நம்மிற் பலர் எட்டிப் பார்த்திராத வேறோர் இடத்திலும் அம்மக்களின் வரலாறு பதிவாகியிருக்கிறது. அது 1986 ஆம் ஆண்டு பல் மருத்துவ ஆய்வுச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைப் பதினைந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் பரிசோதித்துப் பெற்ற முடிவுகள் அதில் உள்ளன. பல் மருத்துவம் பயிலும் மாணவர்கள் உலகெங்கும் அதனைப் படிக்கிறார்கள். முரசு நோய் பற்றி இன்று நாம் அறிந்திருப்பவற்றில் ஒரு முக்கியமான பகுதி அந்த வாய்களிலிருந்து பெறப்பட்டது.

முரசு என்றால் தமிழகத்து வாசகர் கொட்டும் முரசையே நினைப்பார். நமக்கோ அது பல்லைச் சுற்றிப் பிடித்திருக்கும் சதை. 'முரசு கரைஞ்சிட்டு', 'முரசால ரெத்தம் வருது' என்று நமது வீடுகளில் அன்றாடம் சொல்வார்கள். ஈறு என்ற சொல்லைவிட எனக்கு இதுவே நெருக்கமானது. ஆதலால் இக்கட்டுரையில் முரசு என்றே எழுதுகிறேன்.

வரலாற்றுக்குள் நுழையுமுன் நோயைச் சற்று விளங்கிக்கொள்வது நல்லது. பல்லின் மேல், குறிப்பாகப் பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்தில், நாள்தோறும் மென்மையான ஒரு படலம் படிகிறது. பல்லூத்தை என்று நாம் சொல்வது இதனைத்தான். அது வெறும் உணவுத் துகளன்று. கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பிணைந்து வாழும் குடியிருப்பு. அகற்றாது விட்டால் முரசு சிவந்து வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசியத் தொடங்கும். இது முதற்கட்டம். இக்கட்டத்தில் ஊத்தையை ஒழுங்காக அகற்றினால் முரசு பழைய நிலைக்கு முற்றாகத் திரும்பிவிடும். விட்டுவைத்த ஊத்தையில் உமிழ்நீரின் சுண்ணச் சத்துப் படிந்து அது கல்லைப் போல இறுகிக் காரையாகிறது. காரையின் சொரசொரப்பான மேற்பரப்பில் மேலும் ஊத்தை சேரும். பலருக்கு அழற்சி இதற்கும் கீழே இறங்குகிறது. பல்வேரைத் தாடை எலும்போடு கட்டிவைத்திருக்கும் இழைகள் அறுந்து, முரசுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு பை உண்டாகிறது, எலும்பு கரைகிறது, பல் நீண்டதுபோலத் தெரிகிறது, பின் ஆடுகிறது, இறுதியில் விழுகிறது. இது இரண்டாங்கட்டம். இதில் கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. இத்தனையும் பெரும்பாலும் வலியின்றியே நடந்துவிடும் என்பதுதான் இந்நோயின் பெரிய ஆபத்து. சூத்தைப் பல் இரவில் நம்மை எழுப்பிவிடும். முரசு நோய் எழுப்பாது.

காரைக்கும் முரசுக்கும் உள்ள தொடர்பை மனிதன் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டிருக்கிறான். ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே வாழ்ந்து ஏறத்தாழ 1013 இல் மறைந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தமது 'அத்தஸ்ரீப்' நூலின் அறுவைப் பகுதியில் இது பற்றி எழுதியிருக்கிறார். பல்லில் படியும் கரடான படிவு முரசைக் கெடுக்கும் என்பதையும், நோயாளியின் தலையை மடியில் வைத்து அதனைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதையும், ஒரே அமர்வில் முடியாவிட்டால் அடுத்தடுத்த நாட்களில் தொடர வேண்டும் என்பதையும் அவர் விளக்குகிறார். அதற்கான சுரண்டுகருவிகளை ஒவ்வொன்றாக வரைந்தும் காட்டியிருக்கிறார். பல்லின் உட்புறத்துக்கு ஒன்று, வெளிப்புறத்துக்கு ஒன்று, இடைவெளிக்கு இன்னொன்று என அவற்றின் வடிவங்கள் வேறுபடுகின்றன. இன்று நமது வைத்தியசாலையில் தட்டில் அடுக்கியிருக்கும் கருவிகளின் மூதாதைகள் அவை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவருடைய அறுவை நூல் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது.

அந்தப் படிவுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்டவர் நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரத்துத் துணி வியாபாரி அன்ரனி வான் லேவன்ஹூக். தாமே செய்த நுணுக்குக்காட்டியின் கீழ் தமது பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெண்ணிறப் பொருளை வைத்துப் பார்த்தவர், அதில் நீந்தித் திரியும் நுண்ணுயிர்களைக் கண்டு 1683 இல் இலண்டன் றோயல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். பக்டீரியாக்களை மனிதன் முதன்முதலில் விவரித்த எழுத்துக்களுள் ஒன்று பல்லூத்தையைப் பற்றியதாக இருந்தது.

ஆயினும், ஊத்தையில் உயிர்கள் இருக்கின்றன என்று அறிவதும் அவைதாம் முரசைக் கெடுக்கின்றன என்று நிறுவுவதும் வேறு வேறு விடயங்கள். இரண்டாவதைச் செய்ய மேலும் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் பிடித்தன. அதற்கிடையில் முரசு நோய்க்கு எத்தனையோ காரணங்கள் சொல்லப்பட்டன. முதுமையின் இயல்பு என்றார்கள், விற்றமின் குறைபாடு என்றார்கள், பரம்பரை என்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வேறொரு வேகமும் எழுந்தது. வாயிலுள்ள சீழ்தான் உடலின் பல நோய்களுக்கும் மூலம் என்ற கருத்துப் பரவி, மேலைநாடுகளில் எண்ணற்றோரின் பற்கள் தேவையின்றியே பிடுங்கப்பட்டன.

நமது நாடு இந்த வரலாற்றுக்குள் வருவது 1960களில். நோர்வே நாட்டு ஆய்வாளர் ஜென்ஸ் வார்ஹோக் இலங்கையில் பெருந்தொகையானோரின் வாய்களைப் பரிசோதித்து 1967 இல் தமது இறுதி அறிக்கையை வெளியிட்டார். வயது, பால், வாய்ச் சுத்தம், பொருளாதார நிலை, விற்றமின் குறைபாடு, வெற்றிலை, புகையிலை, இனம் ஆகிய அனைத்தையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். வாய்ச் சுத்தமும் வயதுமே நோயின் அளவைப் பெரிதும் தீர்மானிப்பதாக அவர் கண்டார். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதம் நமது அரசியலுக்குத் தெரிந்த அளவுக்கு முரசுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதே காலத்தில்தான் ஹரல்ட் லோ என்ற மற்றொரு நோர்வேக்காரர் டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் எளிமையான ஒரு பரிசோதனையைச் செய்தார். பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்களாக இருந்த, நல்ல முரசுடைய 12 பேரிடம் பல் துலக்குவதை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டார். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் முரசு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது மறைந்தது. 1965 இல் வெளியான இந்த ஆய்வு, முரசு அழற்சியின் காரணம் ஊத்தையே என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவியது. காரணத்தை நீக்கினால் நோய் நீங்கும் என்பதையும் அது சேர்த்தே காட்டியது.

ஆனால் லோவுக்கு இன்னொரு வினா எஞ்சியிருந்தது. அழற்சி வந்து, அதனை எவரும் தடுக்காமலும் சிகிச்சை செய்யாமலும் விட்டால், வாழ்நாள் முழுவதிலும் அது எப்படிச் செல்லும்? மூன்று வாரங்களோடு நிறுத்திவிடக்கூடிய வினா அல்ல இது. இதற்கு இருவகை மனிதர்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். சிறு வயது முதல் பல் மருத்துவம் நிறைவாகப் பெற்றவர்கள் ஒரு பக்கம். அதனை அறவே பெறாதவர்கள் மறுபக்கம். முதல்வகைக்கு நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவைத் தெரிந்தெடுத்தார். அங்கு மூன்று வயது முதல் பதினாறு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் பற்பரிசோதனையும் சிகிச்சையும் வழங்கும் திட்டம் நாற்பது ஆண்டுகளாக நடந்து வந்தது. 1969 இல் அங்கே 565 மாணவர்களும் கல்விமான்களும் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். இரண்டாம் வகைக்கு அவர் வந்து சேர்ந்த இடம் இலங்கையின் தேயிலைத் தோட்டம். 1970 இல் 480 தமிழ்த் தொழிலாளர்கள் முதன்முறையாகப் பரிசோதிக்கப்பட்டனர்.

அத்தொழிலாளர்களைப் பற்றி ஆய்வாளர் தரும் சித்திரம் கவனத்திற்குரியது. உள்ளூர் அளவுகோலின்படி அவர்கள் ஆரோக்கியமானவர்கள், உடற்கட்டு உள்ளவர்கள், போசாக்கு நிலையும் பரவாயில்லை. சூத்தைப் பல் அவர்களிடம் அருமை. ஆனால் பற்தூரிகை அறியாதவர்கள். பல் நோய்த் தடுப்போ சிகிச்சையோ ஒருபோதும் பெறாதவர்கள். ஆய்வுக்கு அவர்கள் தகுதி பெற்றது இந்த இல்லாமையால்தான்.

1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் வந்தனர். பயிற்சி பெற்ற அதே இரு நிபுணர்களே ஒவ்வொரு முறையும் அளந்தனர். இறுதியில் 1970 இல் இருந்தவர்களுள் எஞ்சியோர் 161 பேர். அந்தப் பதினைந்து ஆண்டுகள் எத்தகையவை என்பதை நமது வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்கு ரயிலேறி இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிய காலம் அது. 1974 ஐ ஒட்டிய உணவுப் பஞ்சம், தோட்டங்கள் தேசியமயமான 1972, 1975 ஆம் ஆண்டுகள், 1977 இலும் 1983 இலும் எரிந்த லயன்கள் யாவும் இந்தப் பரிசோதனைத் திகதிகளுக்கு நடுவே நிகழ்ந்தவை. ஆய்வுக் கட்டுரையில் 480 என்ற எண்ணையும் 161 என்ற எண்ணையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது எனக்கு அந்த ரயில் நிலையங்களே நினைவுக்கு வருகின்றன.

இனி முடிவுகளைப் பார்ப்போம். ஏறத்தாழ எல்லோருடைய முரசிலும் அழற்சி இருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே கதியை அடையவில்லை. ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் மிக விரைவாக முன்னேறியது. 20 வயதிலேயே அவர்களுக்குப் பற்கள் விழத் தொடங்கின. 35 வயதில் சராசரியாக 12 பற்கள் போய்விட்டன. 40 வயதில் 20. 45 வயதில் வாயில் ஒரு பல்லும் இல்லை. ஏறத்தாழ 81 சதவீதத்தினரிடம் நோய் மிதமான வேகத்திற் சென்றது. 30 வயதுக்குப் பின் பல்லிழப்புத் தொடங்கி, 45 வயதாகும்போது சராசரியாக 7 பற்களை அவர்கள் இழந்திருந்தனர். எஞ்சிய 11 சதவீதத்தினர் வியப்புக்குரியவர்கள். பல் நிறைய ஊத்தையும் காரையும் இருந்தும், அழற்சிக்கு அப்பால் அவர்களுக்கு நோய் முன்னேறவில்லை. அநேகமாக ஒரு பல்லையும் அவர்கள் இழக்கவில்லை.

பல்லைப் பிடித்திருக்கும் இழைப்பிணைப்பு எத்தனை மில்லிமீற்றர் கீழிறங்கியது என்பதே இந்நோயின் அளவுகோல். நாற்பது வயதை நெருங்கும்போது ஒஸ்லோக்காரரிடம் இந்த இழப்புச் சராசரியாக 1.5 மில்லிமீற்றர் அளவில் இருந்தது. நமது தொழிலாளரிடம் அது 4.5 மில்லிமீற்றர், அதாவது மூன்று மடங்கு.

இவற்றிலிருந்து மருத்துவ உலகு கற்றுக்கொண்டவை இரண்டு. முதலாவது, முரசு கரைவது முதுமையின் இயல்பன்று. அப்படியாயின் ஒஸ்லோக்காரருக்கும் அதே வயதில் அது அதேயளவு நேர்ந்திருக்க வேண்டும். இரண்டாவது, ஊத்தை நோயைத் தொடக்கிவைத்தாலும் அது எவ்வளவு தூரம் ஓடும் என்பதை ஒவ்வோர் உடலின் எதிர்வினையும் தீர்மானிக்கிறது. பரம்பரை, புகைத்தல், நீரிழிவு போன்றவை பற்றிய பிற்கால ஆய்வுகளுக்கு இது வழி திறந்தது. 2017 இல் கூடிய நிபுணர் மாநாட்டின் பயனாக அடுத்த ஆண்டு வெளியான புதிய வகைப்பாட்டில், நோய் முன்னேறும் வேகத்தை மெது, மிதம், விரைவு என மூன்று தரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். தோட்டத்தில் கண்ட மூன்று கூட்டத்தாரின் சாயல் அதில் தெரிகிறது.

இவ்விடத்தில் ஒரு வினாவை எழுப்பாமல் அப்பாற் செல்ல என் மனம் இடந்தரவில்லை. துலக்கினால் அழற்சி நீங்கும் என்பதை லோ 1965 இலேயே நிறுவிவிட்டார். அவ்வாறிருக்க, துலக்காத மனிதர்களை 1985 வரை அளந்துகொண்டிருந்தது சரியா? அத்தொழிலாளர்கள் எல்லோருக்கும் 1970 இலேயே பற்தூரிகையும் காரை நீக்கலும் கிடைத்திருந்தால் இந்த ஆய்வே நடந்திருக்க முடியாது.

ஒப்புநோக்க இன்னோர் ஆய்வு உதவும். சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் பெர் அக்செல்சன், ஜான் லின்டே என்ற இருவர் 1970களின் தொடக்கத்தில் 555 பேரைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினர். 375 பேருக்கு முறையாகத் துலக்கக் கற்றுக்கொடுத்து, முதலிரண்டு ஆண்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பற்களைச் சுத்தம் செய்தனர். 180 பேர் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டனர். ஆறு ஆண்டுகளில் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அத்தோடு ஒப்பீட்டுக் குழு நிறுத்தப்பட்டது. தடுப்பைப் பெற்றவர்களை முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வயதுக் குழுவுக்கேற்ப ஒருவர் இழந்த பற்கள் சராசரியாக 0.4 முதல் 1.8 வரைதான். கார்ல்ஸ்டாட்டில் ஆறு ஆண்டுகள் போதுமாக இருந்தன. மலையகத்தில் பதினைந்து ஆண்டுகளும் போதவில்லை.

நியாயத்தின் பொருட்டு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தோட்டத் தொழிலாளரிடமிருந்து பற்தூரிகையைப் பறித்தவர் லோ அல்லர். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தேயிலையை ஏற்றுமதி செய்து வாழ்ந்த கம்பனிகளும், அம்மக்களின் வாக்கைப் பறித்த அரசும் உண்டாக்கி வைத்த இல்லாமை அது. லோ அதனைக் கண்டு அளந்தார். அவர் அளந்திராவிட்டாலும் அந்தப் பற்கள் விழுந்திருக்கும். விழுந்தது உலகுக்குத் தெரியாமற் போயிருக்கும். ஆயினும் ஒருவரின் இல்லாமையிலிருந்து அறிவு பெறப்படும்போது அந்த அறிவின் பயன் முதலில் அவருடைய வாசலுக்குத்தான் போக வேண்டும். இதை நான் லோவிடம் மட்டும் கேட்கவில்லை. ஆய்வு நடந்த நாட்டின் குடிமக்களாகிய நம்மிடமும் கேட்கிறேன்.

2010 இல் வேறொரு குழுவினர் அதே தோட்டங்களுக்குத் திரும்பிச் சென்று முதல் ஆய்விற் கலந்துகொண்டோரைத் தேடினர். பரிசோதிக்கக் கிடைத்தோர் 75 பேர். நாற்பது ஆண்டுகளில் அவர்கள் இழந்த பற்கள் ஒன்றுமில்லை என்பதிலிருந்து 28 வரை வேறுபட்டன, சராசரி 13. 30 வயதில் இழைப்பிணைப்பின் இழப்பு 2 மில்லிமீற்றருக்குள் இருந்தவர்களுக்கு, 60 வயதிலும் குறைந்தது 20 பற்களை வைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் 2017 இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. இது பெரிதும் பயனுள்ள செய்தி. நமது முதுமையின் பற்களை முப்பது வயதுக்குள்ளேயே காப்பாற்றியாக வேண்டும் என்பதே அதன் பொருள்.

கலாசாலைப் பயிற்சியை முடித்த எனக்கு முதல் நியமனம் கிடைத்தது நுவரெலியா மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில். கிழக்குக் கரையின் வெயிலிலிருந்து போன எனக்கு அக்குளிரைவிட வியப்பாக இருந்தது பெற்றோர்களின் வாய். நாற்பதைத் தாண்டாத தந்தைமார் பலர் முன்பல் இல்லாமல் மாணவர் தேர்ச்சி அறிக்கையிற் கையொப்பமிட வந்தார்கள். ஒருவரிடம் பல் வைத்தியரைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "வயசாயிருச்சிங்க சேர், பல்லு விழத்தானே செய்யும்" என்றார். அவருக்கு என்னைவிடப் பத்து வயதுதான் கூட. வயதால் விழுவதில்லை என்பதை உலகுக்குக் கற்பித்தவர்கள் அவருடைய பாட்டன், தகப்பன் தலைமுறைத் தோட்டத் தொழிலாளர்கள். அந்தப் பாடம் எங்கெங்கோ போய்விட்டு அவருடைய லயத்துக்கு மட்டும் வந்து சேராமலிருந்தது.

இதனை மலையகத்தின் குறையாக மட்டும் எழுதிவிட்டுப் போனால் நான் நேர்மையாளன் ஆகமாட்டேன். எங்களூரிலும் இதே நம்பிக்கைதான். என் மூத்தம்மாவின் வெற்றிலை வட்டாவுக்குப் பக்கத்தில் பாக்கு உரல் இருக்கும். பல் போன பிறகும் இடித்துப் போட்டுக்கொள்வதற்கு அது. பல் போனதன் காரணங்களில் ஒன்று அந்த வட்டாவிலேயே இருந்ததை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு பல்லிற் கறையும் படிவும் சேர்க்கும். புகையிலை சேர்ந்தால் கேடு பெருகும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு வாய்ப்புற்றை உண்டாக்கும் என்பது இன்று உறுதியான உண்மை. பீடி, சிகரெட் புகைப்போருக்கு இன்னொரு பொறியும் உண்டு. புகை முரசின் இரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். நோய் உள்ளே எலும்பைத் தின்றுகொண்டிருக்க, வெளியே முரசு நலமாக இருப்பதுபோலத் தோன்றும்.

நமது ஊர்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது சீனி வருத்தம் இருப்பதால் அதனையும் இங்கு சொல்ல வேண்டும். லோ தமது பிற்காலத்தில் அமெரிக்காவின் தேசிய பல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தலைமை வகித்தவர். நீரிழிவினால் வரும் சிக்கல்களில் ஆறாவது முரசு நோய் என்று 1993 இல் எழுதினார். அமெரிக்கப் பூர்வகுடிகளான பீமா இனத்தவரிடையே செய்த ஆய்வுகளில், நீரிழிவு உள்ளோருக்கு முரசு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகக் காணப்பட்டது. இத்தொடர்பு இருவழிப்பட்டது. சீனி கூடினால் முரசு கெடும். முரசின் அழற்சி இரத்தத்திற் சீனியைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்கும். ஆகையால் சீனி கிளினிக்குக்குப் போகிறவர் பல் வைத்தியரையும் பார்ப்பது வீண் செலவல்ல.

சிகிச்சையைப் பொறுத்தவரை, அஸ்ஸஹ்ராவி சொன்ன அடிப்படைதான் இன்றும். காரையைச் சுரண்டி எடுப்பது, பை ஆழமாயின் முரசுக்குக் கீழே வேரையும் சுத்தம் செய்வது, மிக ஆழமாயின் முரசைத் திறந்து அறுவை செய்வது. அரசாங்க வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவுகளில் காரை நீக்கல் இலவசம். ஆனால் காரையைச் சுரண்டினால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்ற அச்சம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மை வேறு. காரை மறைத்து வைத்திருந்த ஆட்டமும் இடைவெளியுமே அது நீங்கியதும் வெளியே தெரிகின்றன. வீங்கிய முரசு சுருங்குவதாலும் பல் நீண்டதுபோலத் தோன்றும். அது சுகமாவதன் அடையாளம். இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துவது இதைவிடப் பெரிய தவறு. இரத்தம் வரும் இடத்தைத்தான் மென்மையாக, ஆனால் தவறாமல் துலக்க வேண்டும். உப்புநீரால் கொப்பளிப்பது வீக்கத்துக்குச் சற்று இதம் தரும். காரையை அது கரைக்காது.

தடுப்பு இன்னும் எளிது. மென்மையான தூரிகையைப் பல்லும் முரசும் சந்திக்கும் ஓரத்தில் சற்றுச் சாய்வாக வைத்துச் சிறிய அசைவுகளால் துலக்குவது. காலையிலும் படுக்குமுன்னும் இரண்டு நிமிடம். பல்லிடுக்குகளை நூலாலோ சிறு தூரிகையாலோ சுத்தம் செய்வது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பல் வைத்தியரிடம் காட்டுவது. இவ்வளவுதான். மிஸ்வாக் பாவிப்போர் அதனைக் கைவிட வேண்டியதில்லை. முறையாகப் பாவித்தால் அது ஊத்தையை அகற்றும் என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றிருக்கிறது. ஆனால் முன்பற்களின் வெளிப்புறத்தோடு நிறுத்திவிடாமல், கடைவாய்ப் பற்களின் உட்புறம் வரை குச்சி போக வேண்டும். அஸ்ஸஹ்ராவி உட்புறத்துக்கென்று தனிக் கருவி வரைந்ததன் காரணம் அதுதான்.

பாடசாலைகளில் நாம் பல் துலக்குவதைச் சுகாதாரப் பாடத்தின் ஒரு படமாகவே கற்பிக்கிறோம். அதனை ஒரு செயலாகக் கற்பிக்கலாம். இப்போது நான் கற்பிக்கும் எங்களூர்ப் பாடசாலையில், ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் இடைவேளை உணவுக்குப் பின் தண்ணீர்க் குழாயடியில் வரிசையாக நின்று துலக்குகிறார்கள். இதற்கு வேண்டியிருந்தவை ஒரு தூரிகைத் தாங்கி, பெற்றோரிடம் இருமுறை பேச்சு, ஐந்து நிமிட நேரம். வகுப்பாசிரியர்கள் முதலில் முகஞ்சுளித்தார்கள். இப்போது அவர்களே நேரத்தைப் பார்க்கிறார்கள். தோட்டப் பாடசாலைகளிற் பணிபுரியும் நண்பர்களிடமும் இதைச் சொல்லி வருகிறேன். சிலர் தொடங்கியிருக்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, கடுமையான முரசு நோயுள்ளோர் உலகில் நூறு கோடிக்கும் அதிகம். அவர்களுக்குச் சிகிச்சை செய்யும் வைத்தியர்கள் படித்த பாடத்தில் நமது மலைநாட்டுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அந்த 480 பேரின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரையில் இல்லை. அவர்களுக்கு மணிமண்டபம் கட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாற்பது வயதில் பாக்கையும் முறுக்கையும் விரும்பினாற் கடிக்கவும், விரும்பாவிட்டால் விட்டுவிடவும் பல்லோடு இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. தேயிலையாலும் அறிவாலும் அவர்களிடம் இரட்டைக் கடன்பட்டிருக்கும் நாட்டுக்கு, லயத்து வாசலில் ஒரு தூரிகையும் மாதமொருமுறை வந்து நிற்கும் பல் வைத்தியரின் வாகனமும் பெரிய செலவல்ல.